கிரேன் போன பிறகு

அமெரிக்கக் கடைகள், பள்ளிகள், உணவகங்களின் கூரையில் நிற்கும் சாம்பல் நிறப் பெட்டி கோடையில் குளிர்விக்கும், பனிக்காலத்தில் சூடேற்றும். அதைத் தூக்கி வைக்க அரை மணி நேரம் போதும். ஒழுங்காக வைப்பது வேறு கதை.

டாலஸிலோ சிகாகோவிலோ விமானம் தரையிறங்கத் தாழும்போது ஜன்னலோர இருக்கை கிடைத்தவர்கள் கவனித்திருக்கலாம். சரிவுக் கூரை போட்ட வீடுகள் முடிந்து, கார் நிறுத்தும் மைதானங்களும் கடைகளும் தொடங்குகிற இடத்தில் கூரைகள் எல்லாம் தட்டையாகிவிடும். ஒவ்வொரு தட்டைக் கூரையிலும் தகரப் பெட்டிகள். சின்னக் கடைக்கு ஒன்று, உணவகத்துக்கு இரண்டு மூன்று, பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு வரிசை வரிசையாக. அமெரிக்காவின் வணிகக் கட்டடப் பரப்பில் ஏறக்குறைய பாதியைக் குளிர்விப்பவை இந்த ரகப் பெட்டிகள்தான். நியூஜெர்சியின் எடிசன் பக்கம் இட்லி அரிசியும் முருங்கைக்காயும் வாங்க இந்தியக் கடைக்குள் நுழைகிற தமிழரின் தலைக்கு மேலும் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். கடைக்காரரே பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

ரூஃப்டாப் யூனிட் என்பது அதன் பெயர். நம்மூர் ஏசி பெரும்பாலும் இரண்டு துண்டு. உள்ளே ஒன்று, மொட்டை மாடியிலோ வெளிச்சுவரிலோ இன்னொன்று, நடுவே செம்புக் குழாய். ரூஃப்டாப் யூனிட்டில் இந்தப் பாகப்பிரிவினை கிடையாது. கம்ப்ரசர், வெப்பத்தை வெளியே தள்ளும் காயில், காற்றைக் குளிர்விக்கும் காயில், ஊதும் விசிறி, ஃபில்டர் எல்லாம் ஒரே கூட்டுக்குள் குடியிருக்கின்றன. கூடவே, குளிர்காலத்துக்காக எரிவாயு பர்னர் ஒன்றும் உண்டு. தீயும் புகையும் தகட்டுக் குழாய்களுக்கு உள்ளேயே ஓடி வெளியேறிவிடும். கட்டடத்துக்குப் போகும் காற்று அந்தக் குழாய்களின் வெளிப்புறத்தைத் தொட்டுச் சூடாகும். பெட்டியின் அடியில் இரண்டு திறப்புகள். ஒன்றின் வழியே பதப்படுத்திய காற்று டக்ட் எனும் காற்றுக்குழாய்க்குள் இறங்கும். மற்றதன் வழியே அறைக் காற்று திரும்பி மேலேறும். குளிர்வாயுவைத் தொழிற்சாலையிலேயே நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். கூரையில் வைத்து மின்சாரமும் எரிவாயுவும் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

முழுதாக வந்து இறங்குகிற இயந்திரம் என்பதாலேயே பொருத்துகிற வேலையை மலிவாக நினைத்துவிடுகிறார்கள். கிரேன் வரும் நாளில் கடை முதலாளி, கட்டடச் சொந்தக்காரர், தெருவில் போகிறவர் எல்லோரும் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், செல்போனில் படம் எடுக்கிறார்கள். பெட்டி பதினைந்து வருஷம் உழைக்குமா, ஐந்தாவது வருஷமே உயிரை வாங்குமா என்பது அதற்கு முன்பும் பின்பும், யாரும் பார்க்காதபோது நடக்கும் வேலையில் இருக்கிறது.

எத்தனை டன்?

எல்லாம் இந்தக் கேள்வியில் தொடங்குகிறது. 10 டன் பெட்டியின் எடை 10 டன் இல்லை, அரை டன் அளவில்தான் இருக்கும். ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை விழுங்குமோ அந்த வேகத்தைத்தான் ஏசிக்காரர்கள் ஒரு டன் என்கிறார்கள். மணிக்கு 12,000 பிடியு, சுமார் மூன்றரை கிலோவாட். குளிர்ச்சியைக் கட்டி கட்டியாக வெட்டி விற்ற காலத்தில் வந்த அளவு இது. அந்தக் காலத்தின் சாட்சி சென்னை மெரினாவுக்கு எதிரே இன்னும் நிற்கிறது. பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், நியூ இங்கிலாந்தில் உறைந்த ஏரிகளிலிருந்து அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833இல் கல்கத்தாவுக்கு முதல் சரக்கு வந்தது. 1842இல் சென்னையில் அதற்காகவே ஐஸ் ஹவுஸ் எழுந்தது. இன்று அது விவேகானந்தர் இல்லம்.

இத்தனை சதுர அடிக்கு இத்தனை டன் என்று வாய்க்கணக்கில் முடிப்பது அமெரிக்காவிலும் உண்டு. பழைய பெட்டியில் 10 என்று எழுதியிருந்தால் புதிதும் 10, இல்லையென்றால் எதற்கும் இருக்கட்டுமென்று பன்னிரண்டரை. இதற்கிடையில் குழல் விளக்குகள் போய் எல்இடி வந்திருக்கும், துணிக்கடை இருந்த இடத்தில் தோசைக்கல் வந்திருக்கும். மறுபடி கணக்குப் போட யாருக்கும் பொறுமை இல்லை. தேவைக்கு மேல் பெரிய பெட்டி அறையை மளமளவென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரம் கிடைப்பதில்லை. உள்ளே சில்லென்று இருக்கும், ஆனால் உடம்பு பிசுபிசுக்கும். ஏசி பிறந்ததே ஈரத்தை அடக்கத்தான் என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 1902இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றில் காற்றின் ஈரம் ஏறி இறங்கத் தாளும் விரிந்து சுருங்கியது, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. அதைத் தீர்க்கத்தான் வில்லிஸ் கேரியர் தன் இயந்திரத்தை வடிவமைத்தார். மனிதர்களுக்குச் சுகம் என்பது பிற்பாடு வந்து சேர்ந்தது.

ஓட்டை போடும் உரிமை

பெட்டிக்கு முன்னால் கூரைக்குப் போவது கர்ப். துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் செய்த நாற்சதுரச் சட்டம், வழக்கமாக 14 அங்குல உயரம். கூரையை வெட்டி, கீழேயுள்ள இரும்பு உத்தரங்களின் மேல் எடை இறங்கும்படி இதைப் பதிக்க வேண்டும். அமெரிக்கக் கடைக் கூரை நம்மூர் மொட்டை மாடி மாதிரி கான்கிரீட் தளம் அல்ல. மெல்லிய இரும்பு உத்தரங்கள், மேலே நெளித் தகடு, அதன்மேல் வெப்பத்தடுப்புப் பலகை, கடைசியாக ரப்பர் போன்ற ஒரு விரிப்பு, அவ்வளவுதான். அரை டன்னை நினைத்த இடத்தில் வைத்துவிட முடியாது. பனி பெய்யும் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. காற்று அள்ளி வருகிற பனி, பெட்டியின் பக்கவாட்டில் குவிந்து நிற்கும். அந்தக் குவியலின் எடையையும் சேர்த்துத்தான் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

விரிப்பை யார் வெட்டுவது என்பதில் ஒரு வழக்கு இருக்கிறது. கூரை போட்ட நிறுவனம் பல வருஷ உத்தரவாதம் கொடுத்திருக்கும். அவர்கள் அங்கீகரித்த ஆள் அல்லாமல் வேறு யாராவது கத்தி வைத்தால் உத்தரவாதம் போயிற்று. அவசரத்தில் ஏசிக்காரரே வெட்டி, தார் பூசி மூடிவிட்டுப் போவார். மழை ஒழுகத் தொடங்கும்போது ஏசிக்காரர் கூரைக்காரரைக் காட்டுவார், கூரைக்காரர் ஏசிக்காரரைக் காட்டுவார், நடுவில் கடைக்காரர் வாளி வைப்பார்.

புதுக் கட்டடத்தைவிடப் பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை வைக்கும்போதுதான் கர்ப் கழுத்தைப் பிடிக்கும். வேறு கம்பெனிப் பெட்டிக்கு அடித்திறப்பு வேறு இடத்தில் இருக்கும். பழைய கர்ப்பைப் பெயர்த்தெடுத்தால் கூரை வேலையும் சேர்ந்துவிடும் என்பதால், இரண்டுக்கும் நடுவே அடாப்டர் என்று ஒரு தகட்டு மேடையைச் செய்து வைக்கிறார்கள். நியாயமான வழிதான். ஆனால் காற்று நேரே இறங்க வேண்டிய இடத்தில் வளைந்து நெளிந்து இறங்குகிறது. ஒரு டன்னுக்கு நிமிஷத்துக்கு 350 முதல் 400 கன அடி காற்று ஓட வேண்டும் என்பது பொதுக்கணக்கு. அடாப்டரின் முட்டுக்கட்டையால் அது குறைந்தால் கோடையில் காயிலில் பனி கட்டும், குளிர்காலத்தில் பர்னர் அளவு மீறிச் சூடாகித் தானே அணைந்துவிடும். கடைக்காரர் பெட்டியைத் திட்டுவார். பெட்டி என்ன செய்யும்?

வேடிக்கை நேரம்

கிரேன் பெரும்பாலும் கடை திறக்கும் முன் அதிகாலையில் வருகிறது. காரணம் எளிது: தொங்கும் பாரத்துக்குக் கீழே ஆள் இருக்கக் கூடாது. கிரேனின் கை நீள நீளத் தூக்கும் திறன் சரசரவென்று குறையும். அதனால் கட்டடத்தை எவ்வளவு நெருங்கி நிறுத்த முடியும் என்பதை வைத்துத்தான் எத்தனை டன் கிரேன் என்று முடிவாகும். கிரேன் ஊன்றும் கால்களுக்கு அடியில் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறதா, மேலே மின்கம்பி போகிறதா என்று முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். 50 கிலோவோல்ட் வரையான கம்பியிலிருந்து குறைந்தது 10 அடி விலகல் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி. பெட்டியின் நான்கு மூலைகளில் கொக்கி மாட்டி, பட்டைகள் உள்நோக்கி இழுத்துத் தகட்டை நசுக்காதபடி மேலே குறுக்குச் சட்டம் கொடுத்துத் தூக்குவார்கள். கீழிருந்து ஒருவர் கயிற்றைப் பிடித்துப் பெட்டி சுழலாமல் பார்த்துக்கொள்வார். கூரையில் நிற்பவர் கைச்சாடையில் பேசுவார். கர்ப்பின் மேல் உட்கார்ந்ததும் கொக்கியைக் கழற்ற, அடுத்த பெட்டி.

சிகாகோ நகர மையத்தில் வானளாவிய கட்டடங்களுக்குக் கிரேன் எட்டாத இடங்களில் ஹெலிகாப்டர்தான். சனி, ஞாயிறு காலையில் தெருக்களை மூடி, மேல் தளங்களைக் காலி செய்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிப் போய் வைத்துவிடுவார்கள். ஹெலிகாப்டர் வாடகை நிமிஷத்துக்கு நிமிஷம் எகிறும் என்பதால் கூரையில் எல்லாம் தயாராக இருந்தாக வேண்டும். பார்க்கப் பரபரப்பாக இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனாலும் இந்தத் தொழிலில் மிக ஒழுங்காக நடக்கிற பகுதி இதுதான், உயிர் பயம் இருக்கிறதே.

குழாயில் ஒரு வளைவு

கிரேன் போய்விட்டது. இப்போது கூரையில் இரண்டு பேர், ஒரு கருவிப்பெட்டி. கோடை என்றால் கறுப்பு விரிப்பின் சூடு 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மதியத்துக்குள் முடித்துக் கீழே இறங்க வேண்டும் என்ற எண்ணமே கையை அவசரப்படுத்தும். இந்த அவசரத்தில் விட்டுப்போகிறவை எல்லாம் சில்லறைச் சாமான்கள். கர்ப்பின் விளிம்பில் ஒட்ட வேண்டிய ஸ்பாஞ்ச் பட்டை அதில் ஒன்று. அதை ஒட்டாமல் பெட்டியை இறக்கிவிட்டால் குளிர்ந்த காற்று டக்டுக்குப் போகாமல் பக்கத்துத் திறப்பு வழியே பெட்டிக்குள்ளேயே திரும்பிவிடும். மின்சாரம் செலவாகும், கடை குளிராது. சரி செய்ய மறுபடி கிரேன் வேண்டும், ஆகவே யாரும் சரி செய்வதில்லை.

தண்ணீர்க் குழாயின் கதை இன்னும் சுவையானது. குளிர்ந்த காயிலில் காற்றின் ஈரம் நீராகச் சொட்டும். புழுக்கமான நாளில் 10 டன் பெட்டியிலிருந்து மணிக்குப் பல லிட்டர் வரும். அது தட்டில் விழுந்து குழாய் வழியே வெளியேற வேண்டும். ஆனால் விசிறி காயிலுக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கிறது. தட்டு இருக்கும் அறையில் உறிஞ்சும் அழுத்தம். குழாயை நேராக விட்டால் தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் வெளிக்காற்று குழாய் வழியே உள்ளே பாயும். நீர் தட்டிலேயே தேங்கி நிரம்பி, காற்றில் தெறித்து, டக்டுக்குள் இறங்கி, கூரைப் பலகையில் மஞ்சள் கறையாகத் தெரியும். விசிறி நிற்கிற நேரம் பார்த்துத் தட்டிலிருப்பது எல்லாம் சேர்ந்து ஓடும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது பெட்டி நின்றிருக்கும், குழாய் நன்றாக ஓடும், ஒரு குறையும் தெரியாது. மருந்து, கைகழுவும் தொட்டிக்குக் கீழே இருப்பது போன்ற ஒரு வளைவு. அதில் தங்கும் நீர்தான் காற்றைத் தடுக்கும் கதவு. அந்த வளைவு எத்தனை அங்குலம் ஆழம் என்பது விசிறியின் உறிஞ்சு சக்தியைப் பொறுத்தது. கையில் கிடைத்த துண்டை ஒட்டினால் போதாது. கூரை ஒழுகுகிறது என்று கூரைக்காரரை அழைத்துப் பணம் கொடுத்துப் பூசிய பல இடங்களில் குற்றவாளி இந்தச் சில டாலர் பிளாஸ்டிக் வளைவுதான்.

மின்சாரத்தில் த்ரீ பேஸ் விவகாரம் ஒன்று. நம்மூரில் கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். இரண்டு பேஸ் இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். ஸ்க்ரோல் கம்ப்ரசர் தலைகீழாகச் சுற்றினால் கரகரவென்று கத்தும், எதையும் அழுத்தாது. கவனித்து உடனே இரண்டு கம்பியை மாற்றிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். கதவை மூடிவிட்டு இறங்கிவிட்டால் புதுக் கம்ப்ரசர் அன்றைக்கே பாழாகலாம். எரிவாயு இணைப்பில் சோப்பு நுரை போட்டுக் கசிவு பார்ப்பதும், பர்னருக்குப் போகும் அழுத்தத்தை அளந்து திருத்துவதும் இதே நாள் வேலை. ஜூலை மாத வெயிலில் ஹீட்டரைப் போட்டுப் பார்க்க யாருக்கு மனம் வரும்? அதனால்தான் நவம்பரின் முதல் குளிரில் மெக்கானிக்குகளின் போன் ஓய்வதில்லை.

இன்னொன்று, வெளிக்காற்றை உள்ளே விடும் எகனாமைசர். வெளியே இதமான குளிர் இருக்கும்போது கம்ப்ரசரை ஓட்டுவானேன், ஜன்னலைத் திறந்துவிட்டால் போதாதா என்கிற யோசனைதான். மோட்டார் வைத்த மடிப்புகள் தாமே திறந்து மூடும். இளவேனிலும் இலையுதிர் காலமும் நீளமாக உள்ள ஊரில் இது மிச்சப்படுத்துகிற பணம் கொஞ்சமல்ல. ஆனால் கள ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் கண்டது, பொருத்திய எகனாமைசர்களில் நிறைய வேலையே செய்வதில்லை என்பது. இணைப்புக் கம்பி கழன்றிருக்கும், சென்சார் தப்பாக அமைத்திருக்கும், திறந்தபடியே துருப்பிடித்திருக்கும். மோசம் என்னவென்றால், இது கெட்டுப்போனால் ஒருவருக்கும் தெரியாது. கடை குளிர்ந்துகொண்டுதான் இருக்கும், பில் மட்டும் ஏறும். உணவகக் கூரையில் கூடுதல் கவனம் தேவை. சமையலறைப் புகைபோக்கியிலிருந்து வெளிக்காற்று வாயில் 10 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது விதி. மீறினால் தாளித்த வாசனை புகைபோக்கியில் ஏறிச் சாப்பாட்டு மேசைக்கே திரும்பி வரும், எண்ணெய்ப் பிசுக்கோடு.

விதிகளுக்குப் பின்னால் ஆட்கள்

பெட்டி கூரை விளிம்பிலிருந்து 10 அடிக்குள் இருந்தால் கைப்பிடிச் சுவரோ கம்பியோ வேண்டும். பெட்டிக்கு 25 அடிக்குள் மின்பிளக் ஒன்று வேண்டும். மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், பழுது பார்ப்பவரின் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும். இவற்றை அரசாங்கத் தொல்லை என்று நினைக்கிற ஒப்பந்தக்காரர்கள் உண்டு. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் கீழே விழுந்த, அடிபட்ட, கருகிய ஒருவர் இருக்கிறார் என்பது என் எண்ணம். அமெரிக்கக் கூரைகளில் வெளிச்சத்துக்காகப் பதிக்கும் பிளாஸ்டிக் கூண்டுகள் தூசி படிந்து கூரையோடு கூரையாகத் தெரியும். அதில் கால் வைத்து உள்ளே விழுந்து இறந்தவர்கள் ஏராளம். அதனால்தான் பாதுகாப்பு விதி அவற்றைக் கூரையிலுள்ள ஓட்டையாகவே கருதி மறைப்போ தடுப்போ கேட்கிறது.

அமெரிக்காவின் வளைகுடாக் கரையோர மாநிலங்களில் திருகாணிக் கணக்கும் உயிர்க் கணக்குதான். 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் ஆய்வு செய்தவர்கள், காற்று கூரைப் பெட்டிகளைக் கர்ப்பிலிருந்து பெயர்த்து எறிந்ததையும், அந்த ஓட்டை வழியே மழை கொட்டிக் கட்டடத்தின் உட்புறம் நாசமானதையும் பதிவு செய்தார்கள். எடையே தாங்கிக்கொள்ளும் என்று நம்பி, போதிய திருகாணி இல்லாமல் விட்டவை அவை.

பள்ளிக்கூடங்களின் கதை நீளமானது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2020 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, 41 சதவீதப் பள்ளி மாவட்டங்களில் குறைந்தது பாதிப் பள்ளிகளின் சூடேற்றும், குளிர்விக்கும், காற்றோட்ட அமைப்புகளை மாற்றவோ புதுப்பிக்கவோ வேண்டும் என்றது. ஏறக்குறைய 36,000 பள்ளிகள். கொரோனா வந்து காற்றைப் பற்றிக் கவலைப்பட வைத்ததும் கூட்டரசின் நிவாரணப் பணத்தில் ஒரு பங்கு கூரைக்குப் போனது. கோடை விடுமுறையின் சில வாரங்களுக்குள் முடிக்க வேண்டிய வேலை. சில இடங்களில் பெட்டியை மாற்றாமல் அடர்த்தியான ஃபில்டரை மட்டும் செருகினார்கள். பழைய விசிறிக்கு அதை ஊடுருவி இழுக்கத் தெம்பு இருக்கிறதா என்று பார்க்காத இடங்களில் வகுப்புக்குப் போன காற்றே குறைந்தது.

2025 ஜனவரி முதல் அமெரிக்காவில் புதிதாகச் செய்யும் பெட்டிகளில் பழைய ஆர்-410ஏ குளிர்வாயுவுக்கு இடமில்லை. கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் அது போய், ஆர்-454பி, ஆர்-32 வந்திருக்கின்றன. இவற்றுக்கு முறையே 466, 675 மடங்கு. இவை லேசாகத் தீப்பிடிக்கக் கூடியவை. அதனால் பெட்டிக்குள் கசிவு காட்டும் சென்சாரும், கசிந்தால் தானே விசிறியை ஓட்டி வாயுவைக் கலைத்துவிடும் ஏற்பாடும் சேர்ந்திருக்கின்றன. அவசரக்காரர் தவறவிட இன்னும் ஒரு ஒயர்.

யார் பெட்டி?

இவ்வளவு தவறுகள் ஏன் தொடர்கின்றன என்று கேட்டால், குத்தகைப் பத்திரத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். அமெரிக்கக் கடைக் குத்தகைகளில் பரவலான ஒரு வகையில் வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றும் வாடகைக்காரர் தலையில். பெட்டியைத் தேர்ந்தெடுத்து வைப்பது பெரும்பாலும் கட்டடச் சொந்தக்காரர். மின்கட்டணம் கட்டுவது கடைக்காரர். சொந்தக்காரருக்கு மலிவான பெட்டியும் மலிவான ஒப்பந்தக்காரரும் போதும், எகனாமைசர் செத்தாலும் அவர் பையிலிருந்து ஒரு சென்ட் போகாது. ஊரிலிருந்து போய், சேமிப்பை எல்லாம் போட்டு உணவகம் திறக்கிறவர் அடுப்பு, மாவரைக்கும் இயந்திரம், பெயர்ப்பலகை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார். கூரையில் இருக்கும் பதினேழு வயதுப் பெட்டி நின்றால் புதியது வாங்கிப் போடுவதும் தன் பொறுப்பு என்று பத்திரத்தின் உள்பக்கத்தில் எழுதியிருப்பதை, அது நின்ற பிறகுதான் படிப்பார்.

கையெழுத்துக்கு முன் ஒரு மெக்கானிக்கைக் கூரைக்கு அனுப்பிப் பெட்டியின் வயதையும் நிலையையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மாற்றும் பொறுப்பு யாருடையது என்பதைத் தனி வரியாகவே எழுதச் சொல்ல வேண்டும். புதுப் பெட்டி வைக்கிறார்கள் என்றால் கேட்க வேண்டியது, முதல் ஓட்டத்தின் அளவுத்தாள். மின்னோட்டம் எத்தனை ஆம்பியர், எரிவாயு அழுத்தம் எவ்வளவு, உள்ளே போகிற காற்றுக்கும் திரும்பி வருகிற காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம், குறைந்தபட்ச வெளிக்காற்றுக்கு மடிப்பு எவ்வளவு திறந்திருக்கிறது என்று எண்ணிட்டு எழுதப் பெரும்பாலான கம்பெனிகள் பெட்டியோடு ஒரு படிவம் அனுப்புகின்றன. பல கூரைகளில் அந்தப் படிவம் பெட்டிக் கதவுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், வெள்ளையாகவே கிடக்கும். அதை நிரப்பிக் கையில் தரும்வரை கடைசித் தவணையைப் பிடித்து வைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டால், கிரேன் போன பிறகும் அந்த இரண்டு பேர் கூரையில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார்கள்.